சீமெந்தும் கொங்கிரீட்டும் ஒன்றா? சீனா முதல் மட்டக்களப்பு வரை கட்டட வேலை பற்றி ஒரு விவாதம்

ஏறாவூர் மேசன்:
வெள்ளிக்கிழமை இந்தக் குழுவில் களுவாஞ்சிக்குடித் தம்பி ஒரு கட்டுரை போட்டிருந்தார். 1901 முதல் 2000 வரை நூறு வருடங்களில் அமெரிக்கா ஊற்றிய கொங்கிரீட் 4.5 பில்லியன் தொன்னாம். சீனா 2011, 2012, 2013 ஆகிய மூன்றே வருடங்களில் 6.6 பில்லியன் தொன் கொங்கிரீட் ஊற்றியதாம். "கட்டுகிற நாடு எழுகிறது, கட்டாத நாடு படுக்கிறது, இலங்கை படுத்துவிட்டது, நம் பக்கம் எழும்பவே இல்லை" என்று முடித்திருந்தார். அதற்குக் கீழே எத்தனை பாராட்டு!

முப்பத்திரண்டு வருடம் மேசன் வேலை செய்தவன் நான். எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கணக்குக் கொங்கிரீட்டின் கணக்கு அல்ல, சீமெந்தின் கணக்கு. ஒரு பை சீமெந்து 50 கிலோ. ஒன்றுக்கு இரண்டு மணல், நான்கு சல்லி என்று அளவுப் பெட்டியால் அளந்து, தண்ணீர் விட்டுக் குழைத்தால் 350 கிலோவுக்கு மேல் கொங்கிரீட் வரும். ஏழு மடங்கு! சீமெந்தையும் கொங்கிரீட்டையும் பிரித்து அறியாதவர் எந்த நாடு எழுந்தது, எந்த நாடு படுத்தது என்று நமக்குச் சொல்ல வேண்டாம்.

களுவாஞ்சிக்குடி இளவல்:
காக்கா, வணக்கம். சொல்லில் பிழை பிடிக்கிறீர்கள், பொருளைப் பார்க்கவில்லை. சீமெந்து என்றாலும் கொங்கிரீட் என்றாலும் ஒப்பீடு ஒப்பீடுதான். இரண்டு நாட்டையும் ஒரே அளவுகோலால்தானே அளந்திருக்கிறார்கள்? 6.6 பெரிது, 4.5 சிறிது. இதை மறுக்க முடியுமா? நான் பொருளியல் படித்தவன். போக்கைத்தான் சொன்னேன். கலவை விகிதம் சொல்லித்தர வரவில்லை.

ஏறாவூர் மேசன்:
பொருளியல் படித்தவர் என்றால் பொருளின் பெயராவது தெரிந்திருக்க வேண்டும், தம்பி. மாவை எடை போட்டுவிட்டு அப்பத்தை எடை போட்டேன் என்று சொல்வீர்களா? சீமெந்து எல்லாம் கொங்கிரீட்டுக்கே போவதில்லை. பூச்சுக்குப் போகிறது, கல் அடுக்கும் சாந்துக்குப் போகிறது, சீமெந்துக் கல் அடிக்கப் போகிறது. கொங்கிரீட் என்று எழுதியது பிழை. பிழை என்று ஒரு வரி எழுதுங்கள், நான் போய்விடுகிறேன்.

கல்முனை மதிப்பீட்டாளர்:
இருவரும் ஒரு நிமிடம் பொறுங்கள். நான் கட்டட அளவு மதிப்பீட்டு வேலை செய்கிறவள். நாடுகளை ஒப்பிடுவதற்கு முன் எதை ஒப்பிடுகிறோம் என்று முடிவு செய்ய வேண்டாமா? செலவழித்த பணமா, விலையேற்றத்தைக் கழித்த பின் உள்ள அளவா, கட்டி முடித்த சதுர அடியா, வழங்கிய அனுமதியா? கட்டடம் மட்டுமா, அல்லது பாலம், வீதி, துறைமுகமும் சேர்ந்ததா? கல்லடியில் 2013இல் திறந்த புதிய பாலம் கட்டுமானக் கணக்கில் வரும், கட்டடக் கணக்கில் வராது. முதலில் இதைச் சொல்லுங்கள், பிறகு சண்டை பிடியுங்கள்.

களுவாஞ்சிக்குடி இளவல்:
அக்கா, அதெல்லாம் பிறகு பார்க்கலாம். காக்கா என்னைப் படிக்காதவன் போல எழுதியிருக்கிறார். அதற்கு முதலில் பதில் வேண்டும்.

லண்டன் ஆரையம்பதி:
தம்பி எழுதியது சரியான கட்டுரை. உண்மை கசக்கிறது, அதனால்தான் குதிக்கிறார்கள். இலங்கையின் கட்டுமானத் துறை 2022இல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்கியது. 2023இல் மீண்டும் அதே அளவு சுருங்கியது. இரண்டு வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விட்டது. சீமெந்தா கொங்கிரீட்டா என்று பேசினால் அது திரும்பி வருமா? இங்கே இங்கிலாந்தில் வருடம் 3 இலட்சம் வீடு என்று அரசு இலக்கு வைத்தது. அந்த இலக்கை எட்டவில்லை, ஆனாலும் 2019-20இல் 2 இலட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல் சேர்ந்தது. இலக்கு வைக்கிற நாடு என்றால் அதுதான்.

ஏறாவூர் மேசன்:
லண்டன்காரர் வந்துவிட்டாரா? வாருங்கள். 2022 என்ன வருடம் என்று எங்களிடம் கேளுங்கள். 2021 நடுவில் ஆயிரம் ரூபா அளவில் வாங்கிய பை, அடுத்த வருடம் மூவாயிரத்தைத் தொட்டது. கடையில் பை இல்லை, டிப்பருக்கு டீசல் இல்லை. கம்பி விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. சந்திவெளியில் ஒரு வீட்டுக்குத் தூண் எழுப்பிவிட்டுப் பத்து மாதம் அப்படியே விட்டேன். தூண் தலையில் நீட்டிக்கொண்டிருந்த கம்பி துருப்பிடித்துச் செம்மண் நிறமாகி, மழைக்குக் கரைந்து தூண் முழுக்க வழிந்திருந்தது. அந்த வீட்டுக்கார அம்மா கம்பி முனைகளில் பொலித்தீன் பையைச் சுற்றி நூலால் கட்டி வைத்திருந்தார். எங்கள் சுருக்கம் அது. அதைப் புள்ளிவிபரத்தில் படித்தவர் நீங்கள், பார்த்தவன் நான்.

இருந்தாலும் கேட்ட கேள்வி நிற்கிறது. 6.6 பில்லியன் தொன் சீமெந்தா, கொங்கிரீட்டா?

கல்முனை மதிப்பீட்டாளர்:
காக்கா, நீங்கள் சொன்ன விலைக் கதையே நான் கேட்ட கேள்விக்கு நல்ல உதாரணம். இருபது பை பிடிக்கும் ஒரு வேலை 2021இல் செய்தாலும் 2022இல் செய்தாலும் இருபது பைதான். ரூபாவில் பார்த்தால் மூன்று மடங்கு. விலையைக் கழிக்காமல் கணக்கெடுத்தால் வேலை பெருகியது போலத் தெரியும். ஆகவே பணமா, அளவா?

அக்கரைப்பற்று சேர்:
பணமும் வேண்டாம் அளவும் வேண்டாம். கட்டியதில் மனிதர் இருக்கிறாரா என்று பாருங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியில் 500 வீடுகள் கட்டினார்கள். பாடசாலை, வைத்தியசாலை, பள்ளிவாசல் எல்லாம் சேர்த்துத்தான். வீடு பகிர்வதில் தகராறு வந்து உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போனது. வீடுகள் வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்தன. காடு வளர்ந்து யன்னல் வழியாக உள்ளே போனது. சுனாமியில் வீடு இழந்து கூடாரத்தில் இருந்த பிள்ளைக்கு நான் வகுப்பறையில் பாடம் சொல்லிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை இன்று திருமணம் முடித்து வாடகை வீட்டில் இருக்கிறது. அந்த 500 வீடும் எந்த நாட்டின் எந்தக் கணக்கில் எழுச்சி என்று எழுதப்பட்டது? சொல்லுங்கள் தம்பி.

களுவாஞ்சிக்குடி இளவல்:
சேர், அது நிர்வாகத்தின் பிழை, கட்டுமானத்தின் பிழை அல்ல. அந்த வீட்டுப் பகிர்வை நாங்கள் பேசத் தொடங்கினால் விவாதம் வேறு பக்கம் போய்விடும்.

அக்கரைப்பற்று சேர்:
வேறு பக்கம் போனால் போகட்டும். நாங்கள் எந்தப் பக்கம் பேசலாம் என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம்.

தோஹா காத்தான்குடி:
எல்லோரும் சீனா சீனா என்கிறீர்கள். கட்டாரை ஏன் ஒருவரும் சொல்லவில்லை? 2010 டிசம்பரில் உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்தை நடத்தும் வாய்ப்புக் கிடைத்தது, 2022இல் நடத்திக் காட்டினார்கள். எட்டு மைதானங்கள், அதில் ஏழு புதிதாகக் கட்டியவை. மெட்ரோ, ஒரு முழு நகரம் வேறு. ஒன்பது வருடம் அங்கே கம்பி கட்டிய இந்தக் கைகள் மட்டக்களப்பின் கைகள். அது கட்டாரின் உற்பத்தி என்று எழுதுகிறார்கள். எங்கள் உற்பத்தி என்று யாராவது எழுதினார்களா?

ஏறாவூர் மேசன்:
மச்சான், நீ கம்பி கட்டினாய், நான் ஒத்துக்கொள்கிறேன். கொள்கலன்களால் ஒரு மைதானம் எழுப்பினார்கள், விளையாட்டு முடிந்ததும் பிரிப்பதற்கென்றே. கட்டும்போது உற்பத்தி, பிரிக்கும்போதும் கூலி. நாடு அதனால் எழுந்ததா? எனக்குக் கிடைத்த நல்ல பையன்கள் பதினொரு பேர் தோஹாவுக்கும் ரியாதுக்கும் போய்விட்டார்கள். தூக்குக்குண்டு பிடித்து ஒரு சுவரைச் செங்குத்தாக எழுப்பத் தெரிந்த ஆள் ஏறாவூரில் இன்று எத்தனை பேர்? தம்பியின் கட்டுரையில் அது இல்லை. அதில் இருப்பது கொங்கிரீட் என்ற பிழையான சொல் மட்டும்.

லண்டன் ஆரையம்பதி:
செங்குத்துச் சுவர் பற்றி யார் பேசுகிறார் பாருங்கள். 2017இல் எங்கள் ஆரையம்பதி வீட்டுக்கு மேல் மாடி போட்டவர் இதே மேசன். முதல் மாரிக்கே குளியலறைக்குக் கீழே கூரைத் தட்டில் ஈரம் படர்ந்தது. அம்மா அலுமினியச் சட்டி வைத்துத் தண்ணீர் ஏந்தினார். ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு என்று இங்கே எழுதுகிறவர் எங்கள் வீட்டில் எத்தனை சட்டி சீமெந்து போட்டார்?

ஏறாவூர் மேசன்:
இதற்காகத்தான் காத்திருந்தேன். இந்தக் குழுவில் உள்ள எல்லோரும் படியுங்கள். அந்தத் தட்டின் கொங்கிரீட் நன்றாக இறுக ஏழு நாள் தண்ணீர் கட்டி வைக்க வேண்டும் என்று நான் சொன்னேன். மூன்றாம் நாளே மாபிள் பதிக்கிறவர்களைக் கொண்டுவந்து ஏற்றியவர் நீங்கள். பயண டிக்கெட் முடிகிறது, குடிபுகுதல் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்றீர்கள். குழாய் பொருத்தியவர் நான் அல்ல, நீங்கள் மலிவாகப் பிடித்த ஆள். கடைசித் தவணை இன்றுவரை எனக்கு வரவில்லை. எட்டு அறை வீடு, இன்று அதில் இருப்பவர் உங்கள் அம்மா ஒருவர். ஏழு அறையில் பூட்டு. இதுவும் மட்டக்களப்பின் கட்டட உற்பத்தி!

லண்டன் ஆரையம்பதி:
என் அம்மாவை இதற்குள் இழுக்காதீர்கள்.

ஏறாவூர் மேசன்:
அவரை இழுத்தது நீங்கள், சட்டியோடு. அவர் எனக்குப் பிளேன்டீ தந்த கை. அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

களுவாஞ்சிக்குடி இளவல்:
வீட்டுக் கணக்கை நீங்கள் இருவரும் தனியே பேசுங்கள். காக்கா, உங்கள் வாதத்தை நானே முழுமையாக்குகிறேன். பூட்டிய வீடு என்றால் ஸ்பெயினைப் பாருங்கள். 2006இல் 8 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் வீட்டு அனுமதி. அந்த வருடம் ஜேர்மனியும் பிரான்சும் இங்கிலாந்தும் அதன் பக்கத்தில் நிற்க முடியவில்லை. 2013இல் 35 ஆயிரமும் இல்லை. அமெரிக்காவில் 2005இல் 20 இலட்சம் வீடு தொடங்கினார்கள், 2009இல் ஐந்தரை இலட்சம். ஜப்பானின் கட்டுமான முதலீடு 1992இல் 84 இலட்சம் கோடி யென், 2010இல் சரி பாதி. எல்லா நாடும் ஏறி இறங்கியிருக்கிறது. நான் அறியாமல் எழுதவில்லை. சீனாவும் இறங்குகிறது. 2014இல் ஏறத்தாழ 2.5 பில்லியன் தொன் சீமெந்து உற்பத்தி, 2024இல் 2 பில்லியனுக்குக் கீழே. அங்கே மிகப் பெரிய வீடு கட்டும் நிறுவனங்களில் ஒன்று 2021இல் கடன் கட்ட முடியாமல் நின்றது. 2024 ஜனவரியில் அதைக் கலைக்கும்படி ஹொங்கொங் நீதிமன்றம் உத்தரவிட்டது. இதெல்லாம் தெரிந்துதான் எழுதினேன்.

ஏறாவூர் மேசன்:
இப்போது நீங்களே "2.5 பில்லியன் தொன் சீமெந்து" என்று எழுதிவிட்டீர்கள். வெள்ளிக்கிழமை கொங்கிரீட், இன்று சீமெந்து! வருடத்துக்கு இரண்டேகால், இரண்டரை பில்லியன் தொன் என்றால் மூன்று வருடத்துக்கு எவ்வளவு வரும், கூட்டிப் பாருங்கள். ஆறரைக்கு மேல் வரும். ஆகவே அந்த 6.6 சீமெந்துதான். உங்கள் விரலே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

களுவாஞ்சிக்குடி இளவல்:
அது உற்பத்தி, இது பயன்பாடு. இரண்டும் வேறு.

ஏறாவூர் மேசன்:
அல்லாஹ்வே! இப்போது உற்பத்தியும் பயன்பாடும் வேறு. சீமெந்தும் கொங்கிரீட்டும் மட்டும் ஒன்று.

கல்முனை மதிப்பீட்டாளர்:
அனுமதியை வைத்து ஸ்பெயினைச் சொன்னீர்கள், தொடக்கத்தை வைத்து அமெரிக்காவை, பணத்தை வைத்து ஜப்பானை, எடையை வைத்துச் சீனாவை. நான்கும் நான்கு அளவுகோல். அயர்லாந்தில் என்ன நடந்தது தெரியுமா? புதிய மின் இணைப்பை எண்ணித்தான் நெடுங்காலம் கட்டி முடித்த வீட்டைக் கணக்கெடுத்தார்கள். 2006இல் 90 ஆயிரம் என்று பெருமை பேசினார்கள். பூட்டிக் கிடந்து மீண்டும் மின்சாரம் எடுத்த வீடுகளும் புதிய வீடாக எண்ணப்பட்டிருந்தன. 2018இல் அவர்களின் புள்ளிவிபர அலுவலகம் கணக்கைத் திருத்தியபோது, 2011இற்குப் பிறகு பல வருடங்கள் சொல்லி வந்த எண்ணிக்கை மிகையானது என்று தெரிந்தது. வீட்டை எண்ணுவதிலேயே ஒரு நாடு இப்படித் தவறியிருக்கிறது. மூன்றாவது தடவை கேட்கிறேன், எதை ஒப்பிடுகிறோம்?

நிந்தவூர் கரைவலை:
தங்கச்சி கேட்பதற்கு ஒருவரும் பதில் சொல்ல மாட்டார்கள். நான் வேறு ஒன்று கேட்கிறேன். ஒலுவிலில் டென்மார்க் கடனில் துறைமுகம் கட்டினார்கள், 2013இல் திறந்தார்கள். அலையைத் தடுக்கக் கல்லைக் கடலில் போட்ட பிறகு துறைமுகத்தின் வாயை மணல் மூடியது. படகு உள்ளே போக முடியவில்லை. வடக்கே எங்கள் கரையைக் கடல் தின்றது. என் வாப்பா தோணி இழுத்து வைத்த இடமும், அதற்குப் பக்கத்தில் நின்ற ஒன்பது தென்னையும் இப்போது தண்ணீருக்குள். கட்டியது கணக்கில் இருக்கிறது. போன கரையை யார் கழித்தார்?

தோஹா காத்தான்குடி:
துறைமுகம் கட்டடம் அல்ல என்று தங்கச்சி சொல்லிவிட்டாரே.

நிந்தவூர் கரைவலை:
கட்டடம் அல்ல என்றால் கடல் என் தென்னையைத் திருப்பித் தருமா? தோஹாவில் இருந்துகொண்டு பேசாதே.

ஏறாவூர் மேசன்:
கரைவலைக்காரர் பேசுவது நெஞ்சைத் தொடுகிறது. என் பங்குக்கும் ஒன்று சொல்கிறேன். யுத்தம் முடிந்த பிறகு இந்திய உதவியில் 50 ஆயிரம் வீட்டுத் திட்டம் வந்தது. ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா. பணத்தைப் பெரும்பாலும் வீட்டுக்காரர் கையில் கட்டம் கட்டமாகத் தந்தார்கள். கொந்தராத்துக்காரர் நடுவில் இல்லை. அத்திவாரம் முடித்தால் ஒரு தொகை, யன்னல் மட்டத்துக்கு வந்தால் ஒரு தொகை. படுவான்கரையில் அப்படி நான் கைவைத்த வீடுகள் பதினாறு. ஒரு வீட்டில் கணவரை இழந்த பெண் தானே மணல் அரித்தார், தானே கல்லுக்குத் தண்ணீர் தெளித்தார். மகள் கடதாசியில் கணக்கு எழுதுவாள், எத்தனை பை வந்தது, எத்தனை பை போனது என்று. அந்தப் பிள்ளைக்குப் பத்து வயது. அவள் சீமெந்து என்று எழுதினாள், கொங்கிரீட் என்று எழுதவில்லை. அந்த வீட்டில் இன்றும் விளக்கு எரிகிறது. பதினாறு வீட்டிலும் எரிகிறது. கொழும்பில் ஒரு கோபுரத்துக்குப் போன பையை விட இந்தப் பதினாறு வீட்டுக்குப் போன பை குறைவுதான். எடை பார்த்து எது பெரிது என்று சொல்கிறவருக்கு இது விளங்காது.

களுவாஞ்சிக்குடி இளவல்:
காக்கா, அந்த வீடுகளை நான் மதிக்கிறேன். என் சித்தியின் வீடும் அப்படிக் கட்டியதுதான். ஆனால் பதினாறு வீட்டை வைத்து ஒரு நாட்டின் போக்கைச் சொல்ல முடியாது. எங்கள் பிள்ளைகள் கட்டட வேலை தேடிக் கடல் கடந்து போகாமல் இருக்க வேண்டும் என்றால் இங்கே வேலை பெருக வேண்டும். என் தம்பி கட்டடப் பொறியியல் டிப்ளோமா முடித்துவிட்டு இரண்டு வருடம் வீட்டில் இருந்தான். 2022, 2023 எங்களுக்குச் செய்தது அது. அந்த வேதனையில்தான் அந்தக் கட்டுரையை எழுதினேன். நீங்கள் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மூன்று நாளாக என்னை ஊர் முன் நிறுத்துகிறீர்கள்.

ஏறாவூர் மேசன்:
தம்பியை என்னிடம் அனுப்புங்கள். டிப்ளோமாவோடு வரட்டும், தூக்குக்குண்டு பிடிக்க நான் பழக்குகிறேன். சம்பளமும் தருகிறேன். ஆனால் அந்தச் சொல்லை விடமாட்டேன்.

லண்டன் ஆரையம்பதி:
பழக்குவார். குளியலறைத் தட்டு மட்டும் போடச் சொல்லாதீர்கள்.

ஏறாவூர் மேசன்:
கடைசித் தவணையை அனுப்பிவிட்டு எழுதுங்கள்.

அக்கரைப்பற்று சேர்:
நுரைச்சோலைக்கு யாரும் பதில் சொல்லவில்லை. குறித்து வைத்துக்கொள்கிறேன்.

ஏறாவூர் மேசன்:
நாளை காலை ஆறரைக்குப் புன்னைக்குடாவில் எனக்குத் தட்டுப் போடும் வேலை இருக்கிறது. நாற்பது பை இறங்கியிருக்கிறது. மணல் முந்தானை ஆற்று மணல், அனுமதிப் பத்திரத்தோடு வந்தது. தம்பி வரட்டும். ஒரு பையை அவர் கையாலேயே உடைக்கட்டும், குழைத்ததைத் தாச்சியில் எடுத்து எடை பார்க்கட்டும். தராசை நான் கொண்டுவருகிறேன். வருமுன் அந்தக் கட்டுரையில் கொங்கிரீட் என்ற சொல்லை அழித்துவிட்டு வரட்டும்.

களுவாஞ்சிக்குடி இளவல்:
வருகிறேன், தம்பியையும் கூட்டி வருகிறேன். சொல்லை அழிக்க மாட்டேன்.